இணைப்பு கிடைத்தது, கிலோ குறைந்தது: கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தரவுத்தள மாற்றம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரி வட்டாரத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி, நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில் தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. ஆலை, ஆட்கள், மென்பொருள் விற்றவர்கள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அந்த ஆலையின் கணினிகளைக் குன்னூரிலிருந்து போய்ப் பார்த்துக்கொள்பவன் நான். பழுது என்று அழைப்பு வந்த நாளிலிருந்து பட்டுவாடா முடியும் வரை கூட இருந்தேன்.

இலை இரண்டு வழியாக ஆலைக்கு வருகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் நேரே கொண்டுவந்து எடை போடுகிறார்கள். எடைக் கொட்டகையில் இருக்கும் கணினி தராசின் எடையை வாங்கி ஓர் அக்சஸ் (மைக்ரோசாஃப்ட்டின் சிறு தரவுத்தள மென்பொருள்) கோப்பில் எழுதும். பழைய மென்பொருள், எம்.டி.பி. என்ற பழைய வகை அக்சஸ் கோப்பு. தூரத்து ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) கொள்முதல் நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ள எழுத்தர் விவசாயியின் பாஸ்புக் எண்ணையும் கிலோவையும் எக்செல் தாளில் அடித்து, லாரி கிளம்பியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்.

இரண்டும் சேர வேண்டிய இடம் அலுவலகத்தில் இருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளம். தேயிலை வாரியம் மாவட்டத்துக்கான அந்த மாத இலை விலையை அறிவித்த பிறகு, ஒவ்வொரு பாஸ்புக்குக்கும் மொத்தக் கிலோவைக் கூட்டி, முன்பணமும் உரக்கடனும் கழித்து, வங்கிக்குப் பட்டியல் போகும். பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் ஒரு வீட்டுக்கு அந்த மாதச் செலவுக்குப் பணம் இல்லை.

சர்வர், வெளியே கிடக்கும் அக்சஸ், எக்செல் கோப்புகளைத் தானாகப் படிக்காது. நடுவில் ஒரு ஓ.எல்.இ. டி.பி. புரொவைடர், அதாவது கோப்பைத் திறந்து சர்வருக்குப் படித்துக்கொடுக்கும் இணைப்பு மென்பொருள் வேண்டும். பழைய ஏற்பாட்டில் அந்த வேலையைச் செய்தது ஜெட் 4.0. விண்டோஸ் 7 ஓடும் 32 பிட் கணினி (நிரல்கள் 32 பிட், 64 பிட் என்று இரு வகை), எஸ்.க்யூ.எல். சர்வர் 2008 ஆர்2 எக்ஸ்பிரஸ், அதில் ஜெட் வழியாக ஒரு லிங்க்டு சர்வர் (வெளிக் கோப்பைச் சர்வரோடு இணைக்கும் வரையறை). பல வருடம் யாரும் தொடாமல் ஓடியது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் மாற்றும் பேச்சே வந்தது.

மாற்றமும் முதல் பிழையும்

ஐப்பசி மழை தொடங்கி, கோத்தகிரிப் பக்கம் இலை வரத்து ஏறிக்கொண்டிருந்த நேரம். கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிய 64 பிட் கணினியில் எஸ்.க்யூ.எல். சர்வர் 2019 எக்ஸ்பிரஸ் போட்டு, பழைய தரவுத்தளத்தின் பேக்கப்பை மீட்டு, லிங்க்டு சர்வர் வரையறையையும் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். கணினி விற்ற நிறுவனத்தின் ஆள் வேலையை முடித்துவிட்டு மலை இறங்கிவிட்டார். அன்று இரவு இலைக் கணக்கு ஏறவில்லை. பிழை எண் 7403. ஜெட் புரொவைடர் பதிவு செய்யப்படவில்லை என்றது செய்தி.

போனில் பிடித்தபோது அவர் சொன்னது இது: "ஜெட் இருக்கு சார், நான் டெஸ்ட் பண்ணிட்டுதான் வந்தேன். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ இம்போர்ட் விஸார்டுல கோப்பு அழகா திறந்துச்சு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. 64 பிட் விண்டோஸிலும் ஜெட் உண்டு, ஆனால் 32 பிட்டாக மட்டும். சர்வரை நிர்வகிக்க அவர் பயன்படுத்திய மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவும் 32 பிட் நிரல் என்பதால் அதன் விஸார்டுக்கு ஜெட் கிடைத்தது. எஸ்.க்யூ.எல். சர்வர் இன்ஜினோ 2016 பதிப்பிலிருந்து 64 பிட்டாக மட்டுமே வருகிறது. 64 பிட் நிரல் தன் உள்ளே 32 பிட் புரொவைடரை ஏற்றிக்கொள்ள முடியாது. ஜெட்டுக்கு 64 பிட் பதிப்பே கிடையாது. ஒரே கணினியில் ஒரு சாளரத்தில் கோப்பு திறந்து, இன்னொரு சாளரத்தில் "பதிவு இல்லை" என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த 32, 64 கணக்கைத்தான்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. வெறும் உரைக் கோப்பு ஒன்றுக்கு யு.டி.எல். என்று பின்னொட்டு கொடுத்து இரண்டு முறை சொடுக்கினால் இணைப்புச் சாளரம் திறக்கும். அதில் தெரிவது 64 பிட் புரொவைடர்களின் பட்டியல். ஜெட் அந்தப் பட்டியலில் இல்லை. அதே சாளரத்தை சிஸ்வாவ்64 கோப்புறையில் உள்ள ரன்டிஎல்எல்32 வழியாகத் திறந்தால் 32 பிட் பட்டியல் வரும். அதில் ஜெட் இருந்தது. பெயரில் 64 உள்ள கோப்புறையில் 32 பிட் நிரல்களும், சிஸ்டம்32-இல் 64 பிட் நிரல்களும் இருக்கும் இந்த விசித்திரத்தால் எத்தனை பேர் அரை நாளைத் தொலைத்தார்களோ.

ஏஸ் புரொவைடரை நிறுவுதல்

ஜெட்டின் இடத்தில் வைக்க 64 பிட் ஏஸ் புரொவைடர் உண்டு. அதை நிறுவப் போனபோது நிறுவும் நிரல் (நிறுவி) மறுத்தது. கடிதம் அடிக்க வசதியாக இருக்கட்டும் என்று விற்ற ஆள் அதே சர்வரில் 32 பிட் ஆபீஸையும் போட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து இருக்க நிறுவி விடாது.

நிறுவியை அமைதி முறையில் (திரையில் எதுவும் கேட்காமல்) ஓட்டி இந்தத் தடையைத் தாண்டலாம். பலரும் செய்வது அதைத்தான். இங்கே நாங்கள் அதைச் செய்யவில்லை. அப்படித் திணித்த பிறகு ஆபீஸ் திறக்கும்போதெல்லாம் தன்னைத் தானே மறுபடி அமைத்துக்கொள்ளத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆபீஸ் அப்டேட் எதைக் கலைக்கும் என்றும் சொல்ல முடியாது. பட்டுவாடா ஓடும் கணினியில் ஆபீஸுக்கு வேலை இல்லை என்று மேலாளரிடம் சொன்னதும் ஒத்துக்கொண்டார். ஆபீஸ் கணக்கு உதவியாளரின் மேசைக் கணினிக்குப் போனது. ஏஸ் மறுபேச்சில்லாமல் ஏறியது.

ஏஸுக்கு 'அலவ் இன்ப்ராசஸ்' அமைப்பை இயக்கினோம். இல்லாவிட்டால் அது ஒழுங்காக ஓடாது. ஆனால் இயக்கினால் புரொவைடர் சர்வரின் சொந்த நினைவகத்துக்குள்ளேயே ஓடும். அது கவிழ்ந்தால் சர்வரையும் சேர்த்துக் கவிழ்க்கலாம். முக்கியமாக இரவு வேலைக்கே பயன்படுவதால் இந்த ஆபத்தை ஏற்றோம். யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பையும் திறக்க வழிவிடும் 'அட் ஹாக்' வினவல்களை (தரவு கேட்கும் கட்டளைகளை) மூடியே வைத்தோம்.

ஒரே எண், வேறு வேறு காரணம்

7403 போனது, 7303 வந்தது. தரவு மூலத்தைத் தொடங்க முடியவில்லை என்பது அதன் பொருள். அடுத்து நடந்தவை எல்லாம் இந்த ஒரே எண்ணின் கீழ்தான். எண்ணுக்கு மேலே புரொவைடர் தானாகச் சொல்லும் வரி ஒன்று வரும். அந்த வரி ஒவ்வொரு முறையும் மாறியது. எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு எதுவும் நகராதது போலத் தோன்றியது. மேலாளர் அன்று கேட்டது: "காலையிலயும் 7303, இப்பவும் 7303. என்னதான் பண்ணீங்க?"

முதலில் வந்த வரி, பாதை செல்லாது என்றது. லிங்க்டு சர்வரில் எழுதியிருந்த பாதை இசட் டிரைவ். எடைக் கொட்டகைக் கணினியின் பகிர்வுக் கோப்புறைக்கு யாரோ வைத்த டிரைவ் எழுத்து அது. டிரைவ் எழுத்து, உள்நுழைந்த ஆளின் அமர்வுக்குச் சொந்தம். பின்னணியில் ஓடும் சர்வீஸுக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. கணினிப் பெயரும் பகிர்வுப் பெயரும் சேர்ந்த முழுப் பாதையை எழுதினோம்.

வரி மாறியது. கோப்பை வேறொருவர் தனக்கென்று திறந்து வைத்திருக்கிறார், அல்லது பார்க்க உங்களுக்கு அனுமதி வேண்டும் என்றது. ஒரே வாக்கியத்தில் இரண்டு காரணம். எல்லோரும் முதல் பாதியையே பிடித்துக்கொண்டார்கள். எடைக்காரரை அழைத்து, வரிசையில் மூட்டையோடு நின்றவர்களைக் காக்கவைத்து, மென்பொருளை மூடச் சொன்னார்கள். மூடிய பிறகும் அதே வரி. காரணம் இரண்டாம் பாதியில் இருந்தது. சர்வர் சர்வீஸ் ஓடும் பயனர் கணக்கு வலைப்பின்னலில் வெளியே போனால் அந்தக் கணினியின் அடையாளத்தோடுதான் போகும். பயனர்களை ஓரிடத்தில் நிர்வகிக்கும் டொமைன் இல்லாத சின்ன அலுவலக வலைப்பின்னலில் அந்த அடையாளத்தை அடுத்த கணினி ஏற்காது.

முன்னால் மூன்று வழி இருந்தன. பகிர்வை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்றார் விற்ற நிறுவனத்தின் ஆள். பட்டுவாடாவின் மூலக் கோப்பை அப்படித் திறந்து போட முடியாது என்று மறுத்தோம். இரண்டு கணினியிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லில் கணக்கு உண்டாக்கி அதில் சர்வீஸை ஓட்டுவது இரண்டாவது. ஓடும், ஆனால் யாராவது ஒரு பக்கம் கடவுச்சொல்லை மாற்றிய அன்று நின்றுவிடும். கோப்பை இரவில் சர்வருக்கே நகலெடுத்து, உள்ளூர் நகலைப் படிப்பது மூன்றாவது. இதையே தேர்ந்தோம்.

மழைக்காலத்தில் கொட்டகைக்கு மின்சாரம் அடிக்கடி போகும். வலைப்பின்னல் வழியாகத் திறந்திருக்கும் எம்.டி.பி. கோப்பு அந்த நேரம் சிதையலாம். எடை போடும் வேலை எந்த வகையிலும் அலுவலகக் கணினியை நம்பி இருக்கக் கூடாது என்பதும் என் கருத்து. தராசுக்கு முன்னால் நனைந்துகொண்டு நிற்பவரைக் கணக்குப் பிரிவுக்காகக் காக்க வைப்பது நியாயம் இல்லை.

நகலெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருந்தது. அக்சஸ் கோப்பு திறந்திருக்கும்போது பக்கத்தில் எல்.டி.பி. என்ற பூட்டுக் கோப்பு உண்டாகும், மூடும்போது மறையும். அது இருந்தால் நகலெடுக்காதே என்று முதலில் எழுதினோம். மின்வெட்டில் கணினி சட்டென்று அணைந்தால் பூட்டுக் கோப்பு நீங்காமல் தங்கிவிடும். மறுநாள் யாரும் திறக்காத கோப்பும் திறந்திருப்பதாகவே தெரியும். அதனால் நகலெடுக்கும் நிரல் முதலில் எல்.டி.பி.யை அழித்துப் பார்க்கும்படி மாற்றினோம். அழிந்தால் அது பழைய மிச்சம், நகலெடுக்கலாம். அழிய மறுத்தால் உண்மையாகவே யாரோ திறந்திருக்கிறார், கொஞ்ச நேரம் கழித்து வர வேண்டும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏஜென்ட் கிடையாது என்பதால், நகலும் ஏற்றமும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடுகின்றன.

எனக்கு ஓடுகிறது, அவருக்கு ஓடவில்லை

இரவு ஏற்றம் சரியானது. மறுநாள் பகலில் கணக்கு உதவியாளர் தன் திரையில் 'இன்றைய இலை' பொத்தானை அழுத்தினார். மறுபடி 7303. இம்முறை புரொவைடர் சொன்னது "குறிப்பிடப்படாத பிழை" என்பது மட்டும். அதே வினவலை நிர்வாகி பெயரில் நுழைந்து நான் ஓட்டினால் வரிகள் வந்தன.

"நான் அழுத்தினா மட்டும் வரமாட்டேங்குது சார், என் கம்ப்யூட்டர்ல ஏதாவது ஏத்தணுமா?" என்று கேட்டார். அவர் கணினியில் எதுவும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. கோப்பைத் திறப்பது சர்வர், அவருடைய கணினி இல்லை.

நிரல்கள் எந்தக் கோப்பைத் தொடுகின்றன என்று காட்டும் புரோசஸ் மானிட்டரை சர்வரில் ஓட்டி, எஸ்.க்யூ.எல். சர்வர் நிரலை மட்டும் வடிகட்டி, அவரை ஒரு முறை அழுத்தச் சொன்னேன். ஓடிய வரிகளுக்கு நடுவே "அனுமதி மறுப்பு" என்று ஒன்று நின்றது. பாதையைப் பார்த்தால் எம்.டி.பி. கோப்பே இல்லை. சர்வர் சர்வீஸ் கணக்கின் சொந்த டெம்ப் கோப்புறை. ஏஸ் வேலை செய்யும்போது அங்கே ஒரு தற்காலிகக் கோப்பை எழுதுகிறது. எழுதும் இடம் சர்வீஸின் டெம்ப், ஆனால் எழுதும் அடையாளம் விண்டோஸ் வழியாக நுழைந்து வினவல் கேட்டவருடையது. நிர்வாகிக்கு அங்கே கதவு திறந்திருக்கும், உதவியாளருக்குத் திறக்காது. இரவு வேலை எஸ்.க்யூ.எல். கடவுச்சொல்லில் நுழைவதால் அது சர்வீஸின் அடையாளத்திலேயே ஓடித் தப்பித்தது.

பட்டுவாடா நெருங்கிவிட்டதால் அந்தக் கோப்புறையில் எழுத உதவியாளருக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தோம். நிலையான தீர்வு பிறகு வந்தது. பொத்தான் இனிப் புரொவைடரைத் தொடாது, இரவில் ஏற்றி வைத்த அட்டவணையை மட்டும் படிக்கும். பகலில் புதிய எடை வேண்டுமானால் அதே இரவு வேலையைப் பகலில் ஒரு முறை தூண்டலாம். புரொவைடரைத் தொடுவது ஒரே ஓர் அடையாளம் என்று ஆன பிறகு தற்காலிக அனுமதியைத் திரும்ப எடுத்துவிட்டோம்.

பிழை வராத பிழை

திரையில் சிவப்பு எழுத்து எதுவும் இல்லாத அந்த வாரத்தில்தான் பெரிய தவறு நடந்துகொண்டிருந்தது.

தூரத்து ஹட்டியிலிருந்து ஓர் அம்மா எடைச் சிட்டைகளோடு அலுவலகத்துக்கு வந்தார். "ஏம்மா, சிட்டையில முப்பத்தெட்டு கிலோன்னு இருக்கு, உங்க கணக்குல அந்த நாளே இல்லையே?" என்று கேட்டார். கணக்கு உதவியாளர் மழை நாளின் ஈரக் கழிவாக இருக்கும் என்று சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கழிவு என்றால் கிலோ குறையும், நாளே காணாமல் போகாது என்று அவருக்குத் தோன்றியது. நிலையம் அனுப்பிய எக்செல் தாளை எடுத்துப் பார்த்தார். அந்த அம்மாவின் வரி அதில் இருந்தது. பாஸ்புக் எண்ணின் முடிவில் ஓர் எழுத்தும் இருந்தது.

இந்தப் பகுதியில் அப்பா பெயரில் இருந்த தோட்டம் பாகப்பிரிவினை ஆகும்போது, ஆலை புது எண் கொடுப்பதில்லை. பழைய எண்ணோடு ஏ, பி என்று சேர்த்துவிடும். 1043 பெரியவருடையது, 1043ஏ, 1043பி பிள்ளைகளுடையவை. எக்செல் தாளைப் படிக்கும்போது ஏஸ் ஒரு நெடுவரிசையின் வகையை முதல் எட்டு வரிகளைப் பார்த்து முடிவு செய்கிறது. எட்டும் வெறும் எண்ணாக இருந்தால் நெடுவரிசையே எண் நெடுவரிசை. அதற்குக் கீழே வரும் 1043ஏ எண்ணாகாது என்பதால் அந்த இடத்தில் வெற்று மதிப்பை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். எந்த எச்சரிக்கையும் தராது. ஏற்ற நிரல் அந்த வரியை உறுப்பினர் அட்டவணையோடு பொருத்திப் பார்க்கும், வெற்று மதிப்பு எதனோடும் பொருந்தாது, வரி கழன்றுவிடும்.

தாளில் வரிசை என்பது இலை கொண்டுவந்த வரிசை. எழுத்து உள்ள எண்ணுக்காரர் யாராவது முதல் எட்டு பேருக்குள் வந்துவிட்டால், எண்ணும் எழுத்தும் கலந்தால் உரையாகப் படிக்கச் சொல்லும் ஐமெக்ஸ் அமைப்பு இருந்ததால் நெடுவரிசை முழுவதும் உரையாக மாறி எல்லாம் சரியாக ஏறியது. வராத நாளில் அன்றைக்கு எழுத்து எண்ணுக்காரர்கள் அத்தனை பேரும் விடுபட்டார்கள். ஒரு நாள் சரி, ஒரு நாள் தவறு என்று நடந்ததால் யாருக்கும் பிடிபடவில்லை.

பழைய கணினியில் ஏன் இது வரவில்லை? அதன் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஜெட்டின் 'டைப்கெஸ்ரோஸ்' மதிப்பு 8 என்பதற்குப் பதிலாக 0 என்று மாற்றப்பட்டிருந்தது. 0 என்றால் முதல் எட்டோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். முன்பு வேலை பார்த்த யாரோ இதே சிக்கலைக் கண்டுபிடித்துத் தீர்த்திருக்கிறார். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஏஸின் அமைப்பு ரெஜிஸ்ட்ரியில் வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே வழக்கமான 8.

எடுத்த முடிவும் விளைவும்

ஏஸிலும் 0 என்று மாற்றினால் அன்றே தீர்ந்திருக்கும். அடுத்த கணினி மாற்றத்தில் மறுபடி இதே கதை நடக்கும் என்பதால் அதை மேற்கொள்ளவில்லை. நிலையங்களின் தாளை சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக)ச் சேமித்து அனுப்பச் சொன்னோம். அதை சர்வரின் பல்க் இன்சர்ட் கட்டளை நேரே படிக்கும், நடுவில் புரொவைடரே வேண்டாம். எல்லா நெடுவரிசையும் முதலில் உரையாக ஓர் இடைநிலை அட்டவணையில் இறங்கும். வகை மாற்றம் அதற்குப் பிறகு, எங்கள் கண் முன்னால் நடக்கும். பொருந்தாத வரி கழன்று விழாமல் தனிப் பட்டியலாகக் கணக்கு உதவியாளரின் திரைக்கு வரும். கூடவே ஒரு சோதனை: தாளின் மொத்தக் கிலோவும் கணக்கில் ஏறிய மொத்தக் கிலோவும் ஒத்துப்போகாவிட்டால் அந்த நிலையத்தின் அன்றைய ஏற்றம் முழுவதும் நிறுத்தப்படும்.

புதிய கணினிக்கு மாறிய நாளிலிருந்து வந்த எல்லாத் தாள்களையும் மறுபடி ஏற்றினோம். விடுபட்ட வரிகள் எழுத்து எண்ணுக்காரர்களுடையவை மட்டுமே, வேறு யாருடையதும் இல்லை. பட்டியல் வங்கிக்குப் போகுமுன் அத்தனையும் சேர்க்கப்பட்டன. மேலாளர் நிலையங்களின் அறிவிப்புப் பலகையில், சிட்டையும் பாஸ்புக்கும் ஒத்திருக்கிறதா என்று அந்த மாதம் எல்லோரும் பார்த்துக்கொள்ளும்படி ஒட்டச் சொன்னார்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

மாற்றம் நடந்த மாதம் தவறானது. வரத்து குறைந்து, பனி விழும் ஜனவரியில் செய்திருக்க வேண்டிய வேலை இது. பழைய கணினியையும் ஒரு பட்டுவாடா முடியும் வரை பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டு மொத்தத்தையும் தினமும் ஒப்பிட்டிருந்தால் எக்செல் சிக்கல் முதல் சில நாளிலேயே தெரிந்திருக்கும்.

சோதனை செய்பவர் நிர்வாகி பெயரில் மட்டும் சோதிக்கக் கூடாது என்பதை ஆலையின் ஒப்படைப்புத் தாளில் எழுதிச் சேர்த்தோம். இரவு வேலையின் பெயரிலும், கணக்கு உதவியாளரின் பெயரிலும் ஒவ்வொரு முறை ஓட்டிக் காட்டிய பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்து. ரெஜிஸ்ட்ரி உட்பட மாற்றிய ஒவ்வொரு அமைப்பும் காரணத்தோடு ஒரு நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டு சர்வர் இருக்கும் அலமாரியிலேயே இருக்கிறது.

எடை மென்பொருள் இன்னும் எம்.டி.பி.யில்தான் எழுதுகிறது, அதனால் ஏஸ் இன்னும் தேவைப்படுகிறது. நேரே சர்வரில் எழுதும் பதிப்பு கேட்டிருக்கிறோம். எழுத்து சேர்ந்த பாஸ்புக் எண்களை முழு எண்களாக மாற்றலாமா என்ற பேச்சும் விவசாயிகள் கூட்டத்தில் வந்தது. அப்பாவின் எண்ணை விட மனமில்லை என்று பலர் சொன்னதால் அது ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. சி.எஸ்.வி. வழியில் எழுத்து சிக்கல் தருவதில்லை என்பதால் நாங்களும் வற்புறுத்தவில்லை.